சிஸ்டர் மாமியின் ஆறு மாத லீவு

ஊரில் எந்த நர்சுக்குக் கல்யாணம் நிச்சயமானாலும் எங்கள் வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். மாப்பிள்ளை யார், எந்தச் சபை, எத்தனை பவுன் என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டாம். பெண் எத்தனை நாள் லீவு கேட்டிருக்கிறாள் என்பது ஒன்றுதான் கேள்வி. ஏழு நாள் என்றால் அம்மாவின் முகம் ஏழு நாளுக்கு ஏற்ற அளவில் மலரும். மாப்பிள்ளை கல்ஃபிலிருந்து வருகிறவர், பதினைந்து நாள் லீவு என்று தெரிந்தால், முகம் பார்த்திராத அந்த மனிதரைப் பற்றி அப்பாகூட நல்லதாக ஒரு வார்த்தை சொல்வார்.

அம்மா டெம்பரவரி சிஸ்டர். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில், மெயின் ரோட்டோரத்தில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், வரவேண்டிய நர்ஸ் வராத நாட்களில் மட்டும் அவளுக்கு வேலை. யாருக்காவது காய்ச்சல், யார் வீட்டிலாவது துக்கம், யாருடைய பிள்ளைக்காவது பரீட்சை என்றால் ஃபோன் வரும். நிரந்தர சிஸ்டர்மார் நெஞ்சில் பெயர் எழுதிய பட்டை குத்தியிருப்பார்கள். அம்மாவுக்கு அது கிடையாது. நோயாளிகள் அவளைப் புதிய சிஸ்டர் என்று கூப்பிட்டார்கள். ஏழு வருடமாக அம்மா அங்கே புதிய சிஸ்டராகவே இருந்தாள்.

மற்றவர்களின் பண்டிகை எங்கள் வீட்டில் வேலை நாள். ஓணத்துக்கு ஊர் முழுக்க அத்தப்பூ போட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா வெள்ளைச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருப்பாள். கிறிஸ்துமஸ் அன்று நானும் அப்பாவும் கோயிலுக்குப் போவோம், அம்மா பஸ் ஏறி டியூட்டிக்குப் போவாள். யாரும் லீவு கேட்காத கர்க்கடக மாதத்து அடைமழையில்தான் அம்மா வீட்டில் இருப்பாள். அப்பா கொத்தன். மழை பெய்தால் அவருக்கும் வேலை இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து மழையைப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் அது கொண்டாட்டம்.

ஃபோனைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்ஃபோன் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. எங்களிடம் இருந்தது பச்சை வெளிச்சம் அடிக்கிற ஒரு சின்ன ஃபோன். வீடு எல்லையை ஒட்டி இருந்ததால் அதைக் கண்ட இடத்தில் வைக்க முடியாது. கிழக்கு ஜன்னலில் வைத்தால் தமிழ்நாட்டு டவரைப் பிடித்துக்கொள்ளும். எங்களுடையது கேரள நம்பர் என்பதால் வருகிற ஃபோன் காலுக்கும் காசு போகும், பாதி நேரம் கால் வரவே வராது. மேற்கு ஜன்னலில் வைத்தால் கேரளம். அதனால் மேற்கு ஜன்னலின் இரண்டாம் கம்பிக்கு அருகில், ஒரு அலுமினியச் சோப்புப் பெட்டிக்குள், ஃபோனுக்கு நிரந்தரமாக ஒரு இடம் இருந்தது. அந்த வீட்டில் நிரந்தரமாக இடம் கிடைத்தது அதற்கு மட்டும்தான் என்று அப்பா சொல்வார்.

அம்மா எந்த வாக்குறுதியையும் முழுசாகத் தந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கடற்கரைக்குப் போகலாமா என்றால், "கால் வரல்லெண்ணா போவம் மக்கா" என்பாள். பள்ளி ஆண்டுவிழாவுக்கு வருவாயா என்றால், "கால் வரல்லெண்ணா வாறேன்." ஆண்டுவிழா அன்று நான் தேவதை வேடம் போட்டு மேடையில் நின்றபோது கால் வந்துவிட்டது. அப்பா மட்டும் சுண்ணாம்பு படிந்த கையோடு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்.

அம்மாவுக்கு ஏன் நிரந்தர வேலை கிடைக்கவில்லை என்று ஒருநாள் கேட்டேன். நர்சிங் படித்து முடித்தவுடன் கல்யாணம், அடுத்த வருடமே நான் என்று ஆகிவிட்டதால் அவளுக்கு அனுபவச் சான்று இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பித்தாலும் ஒரே இடத்தில் விடாமல் ஆறு மாதம் வேலை பார்த்த கடிதம் கேட்டார்கள். இரண்டு நாள், ஐந்து நாள், கல்யாண லீவு வந்தால் பதினைந்து நாள் என்று அம்மா பார்த்த வேலையையெல்லாம் சேர்த்தால் இரண்டு மூன்று வருடம் வரும். ஆனால் அதை அப்படிச் சேர்க்க யாரும் சம்மதிக்கவில்லை. துண்டுத் துணியை எத்தனை சேர்த்தாலும் சேலையாகாது என்பது அவர்கள் கணக்கு. போதாததற்கு அம்மாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் தாண்டினால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்று அவளே சொன்னாள்.

விடாமல் ஆறு மாதம் கிடைக்க ஒரே வழிதான் இருந்தது. நிரந்தர சிஸ்டர் ஒருத்தி பிள்ளை பெறப் போக வேண்டும். பிரசவ லீவும் அதோடு ஒட்டி எடுக்கிற சம்பளமில்லாத லீவும் சேர்ந்தால் ஆறு மாதம் ஆகிவிடும். "அவளுகள்ல ஒருத்தி பிள்ள பெறப் போனாத்தான் எனக்கு விடிவு" என்று அம்மா ஒருநாள் கப்பைக் கிழங்கைத் தோல் சீவிக்கொண்டே அப்பாவிடம் சொன்னாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது நான் நாலாம் வகுப்பு. எங்களுடையது பழைய மிஷன் சபைக் குடும்பம். சாயங்காலம் விளக்கு வைத்ததும் வீட்டில் ஜெபம் உண்டு. ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு அதிகாரம், அதற்குப் பிறகு ஆளுக்கொரு ஜெபம். ஆனால் இந்த விண்ணப்பத்தை நான் சத்தமாகச் சொல்லவில்லை, பாயில் படுத்த பிறகு ரகசியமாகச் சொன்னேன். அந்த ஆஸ்பத்திரியில் கல்யாணம் ஆன சிஸ்டர்மார் ஆறு பேர். எல்லோருக்கும் ஒரே நாளில் கேட்டால் ஆண்டவர் குழம்பிப்போவார் என்று கிழமை பிரித்துக்கொண்டேன். திங்கள் ஊசி போடுகிற சிஸ்டர், செவ்வாய் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர், புதன் சிரிக்காத சிஸ்டர் என்று போகும். சனிக்கிழமை சிஸ்டர் மாமிக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆண்டவருக்கு ஓய்வு கொடுத்தேன்.

சிஸ்டர் மாமி எங்களுக்கு உறவு ஒன்றும் இல்லை. எங்கள் சபைதான். எங்கள் வீட்டுக்கு இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி வீடு. ஆஸ்பத்திரியில் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் அவள்தான். யார் வரவில்லை என்று முதலில் தெரிவது அவளுக்கு. அலுவலகத்துக்குச் சொல்லும் முன் எங்களுக்கு ஃபோன் செய்துவிடுவாள். டெம்பரவரியாக வரக் காத்திருந்தவர்கள் வேறு நாலைந்து பேர் உண்டு. ஆனால் மாமி முதலில் கூப்பிடுவது அம்மாவைத்தான். அம்மாவின் வேலை என்று ஒன்று இருந்தால் அது மாமியின் நாக்கு நுனியில் இருந்தது.

நல்ல உயரம், கனத்த குரல், பெரிய சிரிப்பு. நாற்பதைத் தாண்டியவள். மாமா கல்ஃபில் இருந்தார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். பிள்ளைகள் இல்லை. சபையில் எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றாலும் மாமி அன்று பாடகர் குழுவில் போய் நின்றுகொள்வாள். குழந்தையைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் அப்படிச் செய்தாள் என்று அம்மா பின்னாளில் சொன்னாள். எனக்கு அவள் பாட்டு பிடித்தவள் என்றுதான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்தது. மாதம் ஒரு வீடு என்று முறை வரும். முற்றத்தில் பந்தல் போட்டு, பக்கத்து வீட்டு நாற்காலிகளைச் சேர்த்து, இருபது பேர் வந்திருந்தார்கள். அன்றைக்குக் கால் வராமல் இருந்ததே பெரிய காரியம். மாமியும் டியூட்டி முடிந்து வெள்ளைச் சேலையோடு நேராக வந்து முன்னால் உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கூட்டத்தின் கடைசி ஜெபத்தை அந்த வீட்டுப் பிள்ளையைச் செய்யச் சொல்வார்கள். பிள்ளை ஆண்டவருக்கு நன்றி சொல்லி, வந்தவர்களை ஆசீர்வதிக்கச் சொல்லி, நாலு வரியில் முடிக்கும். பிறகு சாயா.

கூட்டத்தை நடத்த வந்த சபை உபதேசியார் என் தலையில் கைவைத்து, "மகள் ஜெபிக்கட்டு" என்றார். இருபது பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ரகசிய ஜெபம் இத்தனை நாளாகக் கேட்கப்படவில்லை, எல்லோரும் சேர்ந்து ஆமென் சொன்னால் பலன் உண்டாகும் என்று எனக்கு அந்த நிமிடத்தில் தோன்றிவிட்டது. ஞாயிறு பள்ளியில் அப்படித்தான் சொல்லித் தந்திருந்தார்கள். ஆறு பேரில் யாருக்காகக் கேட்பது என்று ஒரு கணம் யோசித்தேன். மாமி எதிரிலேயே இருந்தாள்.

"ஆண்டவரே, சிஸ்டர் மாமிக்குச் சீக்கிரம் ஒரு பிள்ளையத் தாரும். அவங்க ஆறு மாசம் லீவு போடட்டும். அந்த ஆறு மாசமும் எங்க அம்மா அவங்க வேலையப் பாக்கட்டும். எடையில அவங்க திரும்பி வந்திராம நீரே காத்துக்கொள்ளும். ஆமென்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. உபதேசியார் மட்டும் பழக்கத்தில் ஆரம்பித்து பாதியில் விழுங்கினார். கண்ணைத் திறந்தால் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்பா பந்தல் காலை அப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்க்கிறார். மாமி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, மிகவும் கரிசனமாகக் கேட்டாள்.

"ஆறு மாசம் போருமா மக்கா?"

"போரும் மாமி," என்றேன்.

மாமி சிரித்தாள். அந்தப் பெரிய சிரிப்புதான். "சரி, சாயா எடுக்கப்பிடாதா" என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

எல்லோரும் போன பிறகு அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். "பதினெட்டு வருஷமா அந்த அக்கா கேக்காத சாமியில்ல. அதுக்க முன்னால வச்சு லீவு கேட்டு செபிக்குதே இது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். நல்லதைத்தானே கேட்டேன், பிள்ளை வந்தால் மாமிக்கும் நல்லது நமக்கும் நல்லது என்று நான் அப்பாவிடம் வாதாடினேன். அப்பா தாடையைத் தடவினார். "கேட்டது நல்லதாக்கும். கேட்ட எடந்தான் கொள்ளாது" என்றார்.

அன்றிலிருந்து ஃபோன் அடிக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள் என்று பதினோரு நாள் போயிற்று. கர்க்கடகத்தில்கூட இத்தனை நாள் சும்மா இருந்ததில்லை. அம்மா காலையில் குளித்து, தலை பின்னி, பையை வாசலில் வைத்துவிட்டு ஒன்பது மணி வரை காத்திருப்பாள். பிறகு பையை உள்ளே எடுத்து வைப்பாள். நான் பள்ளி விட்டு வந்ததும் மேற்கு ஜன்னலுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்வேன். ஃபோனை எடுத்துப் பார்ப்பேன், சிக்னல் கம்பி நாலும் நிறைந்துதான் இருக்கும். அம்மாவின் வேலையைக் கெடுத்தது நான்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. நடுவில் வந்த ஞாயிற்றுக்கிழமை மாமி கோயிலுக்கும் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் ஃபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். "அம்ம உண்டா மக்கா?" என்றது மாமியின் குரல். அம்மா ஓடிவந்து வாங்கினாள். "எத்தன நாளா அக்கா? டாக்டர் என்ன சொன்னாரு? ஏன் ஒரு வார்த்த சொல்லல்ல?" என்று அம்மா கேட்டுக்கொண்டே போனாள். பேசி முடித்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே தரையில் அப்படியே உட்கார்ந்தாள்.

மாமிக்குத் திருவனந்தபுரத்தில் ஒரு ஆபரேஷன். நீண்ட லீவு போடுகிறாள். நாளை மறுநாள் முதல் அவள் இடத்தில் அம்மா போக வேண்டும். இவ்வளவும் அம்மா சொன்னாள். கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்து மாதக்கணக்காக ரத்தம் போய்க்கொண்டிருந்தது, கர்ப்பப்பையையே எடுக்கப்போகிறார்கள் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லவில்லை. ஆபரேஷன் செய்து பிள்ளை எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பையன் அப்படித்தான் பிறந்தான். ஆண்டவர் பன்னிரண்டே நாளில் ஜெபத்தைக் கேட்டுவிட்டார் என்று நான் முற்றத்தைச் சுற்றி ஓடினேன். அம்மா ஏன் சந்தோஷப்படவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அழைப்பு வராமல் போய்விடுமோ என்று பதினோரு நாளாக அழுதவள், வந்த பிறகும் அழுதாள்.

அந்த ஆறு மாதத்தைப் போல ஒரு காலம் எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் இருந்ததில்லை. சுவரில் தொங்கிய காலண்டரில் அம்மாவின் டியூட்டியை நான் கலர் பென்சிலால் எழுதிவைப்பேன். காலை டியூட்டி மஞ்சள், மத்தியானம் சிவப்பு, இரவு நீலம். வருகிற வியாழக்கிழமை அம்மா எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். இது என்ன பெரிய காரியம் என்று தோன்றலாம். தெரியாமல் வளர்ந்த பிள்ளைக்கு அது பெரிய காரியம். அம்மா முதல்முறையாக "ஞாயிற்றுக்கிழம போவம்" என்று சொன்னாள், போனோம். கடலில் கால் நனைத்துக்கொண்டு நிற்கும்போது அப்பா, "ஃபோன எடுத்தியா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டார். வீட்டிலேயே சோப்புப் பெட்டியில் விட்டுவிட்டு வந்தேன் என்றாள் அம்மா. எங்களோடு சேர்ந்து அவளும் சிரித்தாள்.

டியூட்டி முடிந்ததும் அம்மா தினமும் இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி மாமி வீட்டுக்குப் போய், கட்டுப் பிரித்து மருந்து போட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு வருவாள். சனிக்கிழமை நானும் போவேன். முதல்முறை போகும்போது என்னுடைய பழைய கம்பளித் தொப்பி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு போனேன். மாமி கட்டிலில் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் குழந்தை இல்லை. கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தேன்.

"இது ஆருக்கு மக்கா?" என்று தொப்பியை வாங்கிப் பார்த்தாள் மாமி.

"வாவைக்கு, குட்டிப் பிள்ளைக்கு."

அம்மா சட்டென்று எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். மாமி தொப்பியை விரலில் மாட்டிச் சுற்றினாள். "நல்ல தொப்பியாக்கும். அது வர கொஞ்சம் நாளாவும்" என்று சொல்லி அதைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். ஆபரேஷன் முடிந்த பிறகும் பிள்ளை வர நாளாகுமா என்று எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. பெரியவர்கள் காரியம் என்று விட்டுவிட்டேன்.

மூன்று மாதம் போயிற்று. மாமி எழுந்து நடந்தாள். ஆட்டுக்குப் புல் அறுத்தாள். கிணற்றில் வாளி வாளியாக வெள்ளம் கோரினாள். பிள்ளை மட்டும் வரவில்லை. எனக்கு மாமியின் மேல் மெல்லக் கோபம் வரத் தொடங்கியது. இப்படி ஓடி நடக்கிறவளுக்கு எதற்கு லீவு, வேலைக்குப் போனால் என்ன என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டேன். அவள் போனால் அம்மாவின் ஆறு மாதம் பாதியில் அறுந்துவிடும் என்பதை நான் அந்த நேரத்தில் வசதியாக மறந்துவிடுவேன்.

நாலாம் மாதம் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் போடுவார்கள். மாமி ஒரு மட்டி வாழைப்பழக் குலையை விடாப்பிடியாக ஏலம் கேட்டு எடுத்து, இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். எதிரே ஆஸ்பத்திரி மேட்ரன் வந்தார். அவர் மலையாள ஆராதனைக்கு வருகிறவர். மாமி ஒரு நொடியில் குலையை என் கையில் தள்ளிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். குலையோடு நான் தள்ளாடினேன்.

"இப்போ எங்ஙனே உண்டு?" என்று உடம்பு விசாரித்தார் மேட்ரன்.

"வய்ய மேடம். நடக்கும்போ ஒரு பிடித்தம்," என்றாள் மாமி. அந்தக் கனத்த குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மேட்ரன் என் பக்கம் திரும்பி, மாமி வீட்டு வேலை ஏதாவது செய்கிறாளா என்று கேட்டார். கோயில் வாசலில் நின்று பொய் சொல்ல எனக்கு மனசில்லை. "செய்யும். வெள்ளம் கோரும். ஆட்டுக்குப் புல்லு அறுக்கும்," என்றேன்.

"பிள்ள போன வருஷத்தச் சொல்லுது மேடம்," என்றாள் மாமி, குனிந்தபடியே.

மேட்ரன் மாமியைப் பார்த்தார், குலையைப் பார்த்தார். "ரெஸ்ட் எடுத்தோ. ஆறு மாசம் முழுவன் எடுத்தோ. குஞ்ஞினெக்கொண்டு குலை சுமப்பிக்கண்டா" என்றார். முழு ஆறு மாதமும் எடுத்துக்கொள், குழந்தையைக் குலை சுமக்க வைக்காதே என்று சொல்லிவிட்டு நடந்தார். நடக்கும்போது அவர் தோள் குலுங்கியது. அவர் அந்த முனையைத் திரும்பியதும் மாமி நிமிர்ந்து என் கையிலிருந்து குலையை வாங்கி மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எனக்கு இரண்டு பழம் பிய்த்துக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை. எல்லோர் முன்னிலும் என்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டாள் என்ற ஆத்திரத்தில், அதற்குப் பிறகு நான் மாமியிடம் பேசவே இல்லை.

ஆறு மாதம் முடிந்த மறுநாள் மாமி வேலைக்குத் திரும்பினாள். அம்மாவுக்கு அலுவலகத்திலிருந்து கடிதம் கிடைத்தது. அடுத்த மாதமே பாலராமபுரம் பக்கத்தில் வேறொரு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை ஆயிற்று. நெஞ்சில் பெயர்ப் பட்டை குத்தி அம்மா கண்ணாடி முன் நின்றதை நானும் அப்பாவும் வாசலிலிருந்து பார்த்தோம். அந்த வேலையிலிருந்து அவள் ஓய்வு பெற்றது போன வருடம்தான்.

அதற்கு நான் ஊருக்குப் போயிருந்தேன். பழைய வெள்ளைச் சேலைகளை என்ன செய்வது என்று இரண்டு பேரும் மடித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா மீதியைச் சொன்னாள். அந்த ஜெபக்கூட்டத்துக்கு வந்த அன்று, கர்ப்பப்பையை எடுத்தே ஆகவேண்டும் என்று டாக்டர் எழுதிய சீட்டு மாமியின் கைப்பைக்குள் இருந்ததாம். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் என்னுடைய ஜெபத்தைக் கேட்டாள். அந்தப் பதினோரு நாளும் அவள் திருவனந்தபுரத்தில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையுமாக அலைந்துகொண்டிருந்தாள். கூப்பிட அவள் இல்லாததால் அலுவலகம் மற்ற டெம்பரவரிகளை வைத்து ஓட்டியிருக்கிறது. ஆபரேஷனுக்கு ஆஸ்பத்திரி கொடுத்த லீவு மூன்று மாதம். மூன்று மாதத்தில் அவளுக்கு உடம்பு தேறிவிட்டது. மீதி மூன்று மாதம், சம்பளமில்லாமல், இல்லாத வலியைச் சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தாள்.

அம்மா போய்ச் சண்டை போட்டிருக்கிறாள். எனக்காக இப்படிச் செய்யாதே, வேலைக்குப் போ அக்கா என்று கையைப் பிடித்திருக்கிறாள். மாமி கேட்கவில்லை.

"பிள்ள ரெண்டு காரியம் கேட்டுச்சு. ஒண்ணு என்னால ஆவாது. மற்றதையாவது குடுக்கட்டு," என்றாளாம்.

இதை அம்மா சொன்னபோது மாமி இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. கல்லறைக்குப் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். என்னவோ, அது பற்றவில்லை. நான் அவளுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடம் கல்லறை இல்லை. அந்த இடம் ஒன்று இருந்தது, நேரமும் இருந்தது. இரண்டையும் என் கையில் கொடுத்தும் நான் விட்டுவிட்டேன்.

அம்மாவுக்கு வேலை கிடைத்த வாரம், ஞாயிறு ஆராதனையில், ஜெபம் கேட்கப்பட்டதற்குச் சாட்சி சொல்ல என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். என்னுடைய ஜெபம் அதற்குள் சபை முழுக்கப் பிரசித்தம். நான் வீட்டிலேயே பட்டியல் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். ஜெபிக்கச் சொன்ன உபதேசியாருக்கு, ஞாயிறு பள்ளி டீச்சருக்கு, காலண்டர் வாங்கித் தந்த அப்பாவுக்கு, கஷ்டப்பட்ட அம்மாவுக்கு நன்றி சொன்னேன். கடிதம் எழுதித் தந்த ஆஸ்பத்திரி கிளார்க்குக்கும் சொன்னேன். மேற்கு ஜன்னலுக்கும் நன்றி என்றபோது எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டர் மாமியை வேண்டுமென்றே விட்டேன். பிள்ளையும் பெறாமல், கோயில் வாசலில் வயிற்று வலி என்று பொய்யும் சொன்ன ஒருத்திக்கு நான் ஏன் நன்றி சொல்ல வேண்டும் என்று அன்று உறுதியாக நினைத்தேன். சொல்லி முடித்துத் தலை நிமிர்ந்தபோது, பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையிலிருந்து, மற்ற எல்லோருக்கும் முன்னால் சத்தமாக ஆமென் சொன்னது அவள்தான்.